மடியில் தோழியின் ஓட்டு

இன்று சிங்கப்பூரிலிருந்து மலாக்கா வரும் பஸ்ஸில் தோழியின் தபால் ஓட்டு என் மடியில் இருந்தது. ஊருக்கு வந்து ஓட்டுப் போட அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. தபாலில் போட்டால் தேர்தலுக்குள் வந்து சேராதென்று, ஒட்டிய உறையை என்னிடம் கொடுத்துவிட்டாள்.

பக்கத்து சீட்டில் மலாக்காவின் பாச்சாங் பகுதி அங்கிள் ஒருவர். விவரம் கேட்டவர் விடவில்லை.

"இதெல்லாம் நம்ப முடியாதுலா. வழியில நீயே பிரிச்சு மாத்திட்டா யாருக்குத் தெரியும்?"

"கேள்வி நியாயம்தான் அங்கிள். அதுக்காக அவ ஓட்டே போட வேணாமா?"

தலையை ஆட்டினார். ஒத்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

வழியில் யோங் பெங்கில் ஓய்வுக்காக பஸ் நின்றது. அங்கிள் கழிவறைக்குப் போக எழுந்து, தன் கைப்பையை அந்த உறை மேலேயே வைத்தார்.

"பாஸ்போர்ட், பர்ஸ் எல்லாம் இருக்கு. பாத்துக்கம்மா, தண்டாஸ் போயிட்டு வந்துர்றேன்."

என் பெயரைக்கூட அவர் கேட்டிருக்கவில்லை.

உறை, பை இரண்டையும் நான் திறக்கவில்லை. நம்புகிறவர்கள் கை தூக்குங்கள்.