பதினோராவது தொட்டி

காலை ஆறரை மணிக்கு, கடையில் வைத்திருக்க வேண்டிய லென்ஸை வலக்கண்ணில் இடுக்கிக்கொண்டு, தக்காளி இலைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்கிறார் வாட்ச் ரிப்பேர்காரர். அடியில் வெள்ளை ஈ ஒட்டியிருந்தால் ஈரத்துணியால் துடைக்கிறார்.

"கடைக்கு வர்ற கடிகாரத்தைக்கூட இவ்ளோ அக்கறையா பார்த்திருக்க மாட்டீங்க," என்கிறார் மனைவி, சமையலறை ஜன்னலிலிருந்து.

"கடிகாரம் நின்னா பேட்டரியை மாத்தலாம். செடி செத்தா யாரை மாத்துறது, என்னையா?"

"அதையும் யோசிச்சுப் பார்த்துட்டேன்."

வீட்டுப் பின்புறம் பதினோரு தொட்டிகள். பத்தில் கடையில் வாங்கிய ஹைப்ரிட் நாற்றுகள். கொத்துக் கொத்தாகக் காய்க்கின்றன. யாராவது பாராட்டினால் நெளிவார். "நான் ஒண்ணும் பண்ணலைங்க. என்னையும் மீறி வளருதுங்க."

அவர் உயிர் இருப்பது பதினோராவதில். அது அவருடைய அக்கா இருபது வருடம் விதையெடுத்துக் காப்பாற்றிய நாட்டு ரகம். அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோகும்போது, கைவசமிருந்த பத்து விதைகளையும் தம்பியிடம் கொடுத்துவிட்டார். ஹைப்ரிட் போனால் வேறு நாற்று வாங்கலாம். இது போனால் போனதுதான். முளைத்த பத்தில் ஒன்பதை இவர் பாசத்தாலேயே கொன்றார். ஒரு நாளைக்கு மூன்று முறை தண்ணீர் ஊற்றியதில் வேர் அழுகிவிட்டது. மிஞ்சிய செடியில் ஒரே ஒரு பழம். வரிவரியாக மடிப்பு விழுந்த அதை விதைக்காகவே கனிய விட்டிருந்தார்.

அக்கா போனில் கேட்கும்போதெல்லாம், "பத்தும் காடு மாதிரி நிக்குதுக்கா!" என்பார். போனை வைத்ததும் தன் தலையில் தானே குட்டிக்கொள்வார். "ஊரார் நேரத்தையெல்லாம் சரிபண்றேன். தண்ணி ஊத்துற நேரம் தெரியல. நானெல்லாம் ஒரு ஆளு!" அந்த ரகம் தன் கையாலேயே அழிந்துவிடுமோ என்ற பயம் அவருக்கு நிஜமாகவே உண்டு.

போன ஞாயிற்றுக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் அக்கா வந்து நின்றார். செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே பின்புறம் போனார். நெருக்கி வைத்த தொட்டிகளில் பச்சை மண்டிக் கிடந்தது. "அக்கா, ஒரு விஷயம்..." என்று இவர் இழுப்பதற்குள், அக்காவின் கை தன் பழத்தை அடையாளம் கண்டு பறித்தேவிட்டது.

"பத்துச் செடி வச்சிருக்க. ஒரு பழம் தின்னா குறைஞ்சா போயிடுவ?" பாதிப் பழம் ஒரே கடியில் வாய்க்குள் போனது.

"ஐயோ, முழுங்காதக்கா! அது ஒண்ணுதான் இருக்கு!"

உப்பிய கன்னத்தோடு அக்கா விழித்தார். முகவாயில் சாறு வழிந்தது. வாட்ச் ரிப்பேர்காரர் இரண்டு உள்ளங்கைகளையும் குவித்து, அக்காவின் வாய்க்கு நேர்கீழே ஏந்திக்கொண்டு நின்றார்.