பூட்டிய கதவும் இடித்த சத்திரமும்

கட்டுகிறவனுக்கு ஒரு கவலை, இடிக்கிறவனுக்கு இரண்டு. விழவேண்டியது விழவேண்டும், உடையக்கூடாதது உடையக்கூடாது. பட்டம் வாங்கிவிட்டுத் தற்காலிக வேலையில் நடுங்கிக்கொண்டிருக்கும் அன்பர்களுக்கு என் நிலைமை புரியும்.

எங்கள் குடும்பத்தின் முதல் பி.ஏ. நான். கிடைத்த வேலை, திருமயம் பக்கம் ஒரு பாழடைந்த சத்திரத்தை இடிக்கும் மேற்பார்வை. அந்தச் சாமான்களைக் கொண்டே பக்கத்தில் பள்ளிக்கூடம் எழும்ப வேண்டும். எதுவும் வீணாகாவிட்டால் வேலை நிலைக்கும், வீணானால் ஊருக்கு பஸ் ஏறலாம் என்று காண்டிராக்டர் சொல்லிவிட்டார்.

வைக்கோல் மெத்தை

கூரையிலிருந்து இறக்கும் ஓடுகள் உடையாதிருக்கத் தரையில் வைக்கோல் பரப்பினேன். ஒன்றுகூட உடையவில்லை. நாங்கள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் ஊர் மாடுகள் வைக்கோலுக்காக வந்து, ஓடுகளின் மேல் ஏறி நின்று தின்றன. நொறுங்கியதை இடித்துச் சுண்ணாம்போடு பள்ளிக்கூடத் தரைக்குக் கலந்தோம், அதனால் பிழைத்தேன். இடித்துக் கொடுத்த சித்தாள் வெள்ளையம்மா சொன்னாள்:

“நாளைக்குத் தவிட்டுத் தண்ணியும் வச்சிருங்க சார், மிச்ச ஓட்டையும் மிதிச்சுக் குடுத்துட்டுப் போகட்டும்.”

செங்கலுக்குச் சவரம்

பழைய செங்கலில் ஒட்டியிருந்த காரையைச் செதுக்கச் சொன்னேன். புதுசுபோல் தெரியவில்லை என்று மறுபடியும் செதுக்கச் சொன்னேன். கல் மெலிந்துகொண்டே வந்தது. கொத்தனார் கருப்பையா ஒன்றைத் தூக்கிப் பார்த்தார்.

“இன்னொரு தடவை செதுக்கினா வெத்தலைப் பொட்டியில வச்சுக்கலாம் சார்.”

காவல்

வாசல் நிலையை நல்ல நாள் பார்க்காமல் பெயர்க்கக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஆகவே சுவரெல்லாம் போன பிறகும் நிலையும் தேக்குக் கதவும் மட்டும், முட்டுக் கொடுத்து, வெட்டவெளியில் நின்றன. கதவு களவு போனால் என் கதி என்ன? சாயங்காலம் சாத்தினேன், பூட்டினேன், பூட்டை இழுத்தும் பார்த்தேன். கதவுக்குப் பின்னாலிருந்து காண்டிராக்டரின் குரல் வந்தது.

“தம்பி, என்னைய உள்ள வச்சுப் பூட்டிட்டீங்களே, நான் எங்கிட்டு வெளிய வாரது?”

மிச்சம்

பள்ளிக்கூடம் எழுந்தது. அதே நிலை, அதே கதவு. கடைசிக் கூடைச் செங்கல் கப்பியும் தரைக்கு அடியில் போயிற்று. மிச்சம் ஒன்றுமில்லை என்று பெருமையாக நிமிர்ந்தபோதுதான், மிஞ்சியிருப்பது நான் மட்டும் என்பது உறைத்தது. காண்டிராக்டர் கூப்பிட்டார். பெட்டியைக் கட்டச் சொல்லப்போகிறார் என்றே போனேன்.

“குடுமியான்மலைப் பக்கம் ஒரு வீடு இடிக்கணும். வந்துருங்க தம்பி. வைக்கோல் வேணாம், பூட்டை மட்டும் எடுத்துக்கங்க.”

அந்தச் சத்திரத்திலிருந்து எடுத்து மறுபடியும் உபயோகப்படுத்திய சாமான்களில் நானும் ஒன்று.