மான் வராத மான் படம்

இன்று நாமக்கல் பக்கம் போய்விட்டு இப்போதுதான் சேலம் திரும்பினேன். சிரிப்பதா அழுவதா, தெரியவில்லை.

வேட்டைக்காரர்களிடமிருந்து வெளிமான்களைக் காப்பாற்றிக்கொண்டு ஒருவர் முட்காட்டில் தனியாக இருக்கிறார். யாரையும் பார்க்க மாட்டார். அவரைப் பற்றிச் செய்திப்படம் எடுத்துவரச் சொல்லி எங்கள் பேசும்படக் கம்பெனி முதலாளி என்னைக் காமிராவோடு அனுப்பியிருந்தார்.

மனிதர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றே பேசினார்.

“மானைக் காட்டாதீங்க. படத்தைப் பார்த்துப்போட்டு துரைமாருங்க துப்பாக்கியோட வந்துருவாங்க.”

சரி, பின்னால் தெரியும் மலையையாவது எடுக்கிறேன் என்றேன்.

“மலையப் பார்த்தா எடம் தெரிஞ்சுபோயிருமுங்க.”

அப்படியானால் உங்களை?

“ஏனுங்க, என் மூஞ்சி தெரிஞ்சா என்னையப் புடிச்சு வழி கேக்க மாட்டாங்களா?”

அத்தனையும் நியாயம். அதுதான் எரிச்சல்.

வந்ததற்கு, நான் போன வண்டியின் மாடு வைக்கோல் தின்பதை ஒரு பிலிம் சுருள் முழுக்க எடுத்தேன். அதுவரை வெளியே வராதவர் வேலியைத் தாண்டி வந்து மாட்டின் நெற்றியைத் தடவினார்.

“எடுக்கறதுக்கு முன்னால இதையக் கேட்டீங்களா?”

நாளை சுருளைக் கழுவி முதலாளிக்குக் காட்ட வேண்டும். படத்துக்கு ஒரு நல்ல பெயராகச் சொல்லுங்கள். மாட்டைக் கேட்டுவிட்டு வைக்கிறேன்.