ஊற்றில் கிடந்த குழாய்கள்

நானும் கணவரும் கண்டி நகரத்தை விட்டுத் திகனைப் பக்கம் குடிபோனதற்கு அந்த வீட்டின் பின்னால் ஓடிய ஓடையே காரணம். வீடு பார்க்கப் போன அன்று பாறைகளுக்கு நடுவே தண்ணீர் நிறைந்து ஓடிக்கொண்டிருந்தது. அது மழைக்காலத்துத் தண்ணீர் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. மாசி பிறந்ததும் ஓடையில் வெறும் கற்களும் பொலித்தீன் பைகளும்தான் கிடந்தன. கீழே பள்ளத்தாக்கில் பெரிய நீர்த்தேக்கம் வெயிலில் பளபளத்தது. நாங்களோ வாளிகளை வரிசையில் வைத்துவிட்டு, தண்ணீர் கொண்டுவரும் பௌசர் வண்டி வரும் வரை ரோட்டில் காத்து நின்றோம்.

பக்கத்து வீட்டில் ஓர் அம்மா துணி தைத்துக் கொடுப்பார். அந்தப் பகுதி முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்று கூப்பிடுவார்கள். அந்தத் தெரு முழுவதற்கும் அவர் தாத்தா. எனக்கும் அப்படியே ஆனார். ஒருநாள் வரிசையில் நிற்கும்போது சொன்னார்:

"நான் கலியாணம் முடிச்சு வந்த காலத்துல இந்த ஓடை வத்தினதே இல்ல. மழை கொறஞ்சது சரி, மலையில ஈக்கிற ஊத்து எங்க போகும்? ஒருக்கா மேல போய்ப் பாத்துட்டு வருவமா?"

"ஞாயித்துக்கிழமை எனக்கு ஒபீஸ் இல்ல. போவோம்," என்றேன்.

காய்ந்த ஓடையின் வழியாகவே ஏறினோம். உச்சிக்குச் சற்றுக் கீழே, மரங்கள் அடர்ந்த ஒரு பள்ளத்தில் ஊற்று இருந்தது. பாறையிடுக்கிலிருந்து தண்ணீர் நன்றாகவே வந்தது. ஆனால் அந்தப் பள்ளத்துக்குள் கறுப்புக் குழாய்கள் பல கிடந்தன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் போனது. ஓடைக்கு வழிய ஒரு சொட்டும் மிச்சமில்லை.

மற்றவற்றைவிடப் பருமனாக ஒரு குழாய் கிடந்தது. "இது யார்ட?" என்றார் தாத்தா. அதைப் பிடித்துக்கொண்டே புதர்களுக்குள் நடந்தோம். அது ஒரு கோழிப் பண்ணையில் போய் முடிந்தது. பண்ணை தாத்தாவின் சொந்தத் தம்பியுடையது. அந்தக் குழாயால்தான் தம்பி கோழிக் கூட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"தம்பி, இது ஊத்துத் தண்ணியா?"

"ஓம். ஊத்து எல்லாருக்கும் பொதுதானே தாத்தா."

"பொதுதான். அப்ப கீழ ஈக்கிறவங்களுக்கு எங்க?"

"எண்ட கோழியெல்லாம் செத்தா நீங்களா தருவீங்க?"

தாத்தா திரும்பிக் கீழே இறங்கத் தொடங்கினார். வீட்டு வாசலுக்கு வந்ததும், "ஆக்களக் கூப்பிட்டுக் கதைக்கணும். எண்ட தம்பிட பேர நானே முதல்ல சொல்லிடுறன். வேற ஆள் சொல்லி எனக்குக் கேக்க ஏலா," என்றார்.

அவருடைய தையல் அறையிலேயே கூட்டம் நடந்தது. தம்பியைத் தவிர, குழாய் வைத்திருந்தவர்களும் வந்தார்கள். தாத்தா முதலில் தம்பியின் பேரைச் சொன்னார். அதன்பிறகு மற்றவர்களால் அவரவர் குழாயை மறைக்க முடியவில்லை. ஊற்றை ஒட்டித் தோட்டம் வைத்திருந்த ஒரு சிங்கள விவசாயி, எல்லோரும் குழாயை எடுத்துவிட்டால் தானும் எடுத்துவிடுவதாகச் சொன்னார். ஊற்றுக்குக் கீழே ஒரே ஒரு தொட்டி கட்டுவது, வீடுகளுக்குக் காலையில் மட்டும் திறந்துவிடுவது, மற்ற நேரமெல்லாம் ஓடைக்கு விட்டுவிடுவது என்று முடிவானது.

அந்த வாரத்திலேயே குழாய்கள் போய்விட்டன. தாத்தாவின் தம்பியுடையது மட்டும் கிடந்தது. வெட்டிப் போடலாம் என்று சிலர் கிளம்பினார்கள். தாத்தா விடவில்லை. "வெட்டினா நாளைக்குப் புதுசு போடுவான். அவனே எடுக்கட்டும்," என்றார். அந்த நாட்களில் அவர் தையல் மெஷினில் உட்கார்ந்தும் தைக்காமல் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

தொட்டி கட்ட ஊரே கூடி உழைத்த சிரமதானத்தன்று மணலையும் சீமெந்தையும் கையோடு கை மாற்றி மேலே ஏற்றினோம். மத்தியானத்துக்குள் எல்லோருக்கும் இடுப்பு விட்டுப்போனது. பாதி மணல் இன்னும் அடிவாரத்தில்தான் கிடந்தது. அப்போது கை ட்ராக்டர் சத்தம் கேட்டது. தம்பி வந்து நிறுத்தினார். ஒருவரோடும் பேசாமல் மண்வெட்டியை எடுத்து மணலை ட்ராக்டரில் அள்ளிப் போட ஆரம்பித்தார். பொழுது சாய்வதற்குள் எல்லாம் மேலே போய்விட்டது.

தாத்தா பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார். ஒரு மிடறு குடித்துவிட்டு, "சீனி கூடிட்டு," என்றார் தம்பி.

"நீ அப்பிடித்தானே குடிப்பாய்," என்றார் தாத்தா. அவ்வளவுதான் பேசினார்கள். தாத்தா அடுத்தவருக்குத் தேநீர் ஊற்றப் போய்விட்டார்.

மறுநாள் தம்பி குழாயைச் சுருட்டி எடுத்துவிட்டார். கோழிகளைப் பாதியாகக் குறைத்தார். கூட்டுக் கூரையின் ஓரத்தில் தகரப் பீலி வைத்து மழைத் தண்ணீரைப் பிடித்தார். தீவனம் விலை ஏறிவிட்டது, அதனால்தான் குறைத்தேன் என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டார். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை.

மழைக்கு முன்னால் ஓடையிலிருந்த பொலித்தீனை அள்ளினோம். கரையில் மருதங்கன்றுகள் நட்டோம். சிலவற்றை மாடு தின்றது, மீண்டும் நட்டோம். அடுத்த மாசியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தண்ணீர் கணுக்கால் அளவுக்கு ஓடியது. குடிக்க எடுக்கவில்லை, துணி துவைக்கவும் பயிருக்கும் போதுமானதாக இருந்தது. தொட்டியை யார் திறப்பது என்று சண்டை வந்த காலைகளும் உண்டு. பிறகு ஒரு கடுமையான வறட்சியில் ஓடை சில வாரம் நின்றுபோனது. நாங்கள் மேலே ஏறிப் பார்த்தோம். அந்த முறை ஊற்றே மெலிந்திருந்தது. குழாய் ஒன்றும் இல்லை. திரும்பி வந்து மழைக்குக் காத்திருந்தோம்.