கோபத்தில் அவியாத கொழுக்கட்டை

செய்தி வந்தபோது என் கையில் ஒரு சுண்ணாம்புப் போத்தல் இருந்தது. ரொறன்ரோ மோர்னிங்சைட் தமிழ்க் கடையில், வெற்றிலைக் கட்டுகளுக்குப் பக்கத்தில் நின்று அதன் மூடியைத் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கைபேசியில் பக்கத்து வீட்டுச் சாந்தி அக்கா. "ராஜி, இவர் எங்களை விட்டிட்டுப் போட்டார்" என்றார். வேலைக்கு வெளிக்கிட்ட மனிதர் வாசலிலேயே சரிந்துவிட்டாராம். அக்கா சொல்லி முடித்த பிறகும் நான் போத்தலைக் கீழே வைக்கவில்லை. அக்காவின் கணவர் பாலன் அண்ணைக்குச் சமைத்துக் கொடுப்பதற்காகத்தான் அதை வாங்க வந்திருந்தேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சிடும் நினைவு மலருக்கு எழுதித் தா என்று சாந்தி அக்கா கேட்டிருக்கிறார். அழுதுகொண்டு எழுத வேண்டிய இடத்தில் எனக்குச் சிரிப்பு வருகிறது. அண்ணையைப் பழகியவர்கள் மன்னிப்பீர்கள், ஏனென்றால் உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும்.

கனடாவுக்கென்று ஏஜென்சிக்காரனை நம்பி வெளிக்கிட்டவர் அவர். ஏஜென்சிக்காரன் மெக்சிக்கோவில் விட்டுவிட்டு மாயமாகிவிட, அங்கே ஒரு சோள ரொட்டிக் கடையில் மா அரைக்கும் வேலையில் சேர்ந்து பல வருடம் கிடந்தார். "கனடாவுக்கு வெளிக்கிட்டு மெக்சிக்கோவிலை வளந்தனான்" என்று அவரே சொல்லுவார். ரொறன்ரோவுக்கு வந்த பிறகும் நாக்கு அங்கேயே நின்றுவிட்டது. எங்கள் வரிசை வீடுகளில் எல்லோர் அடுப்படியிலும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டிறைச்சிக் கறி கொதிக்கும்போது, அவர் வீட்டில் சோளம் வேகும்.

நாங்கள் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த கிழமையே கதவைத் தட்டினார். "பிள்ளை, உங்கட வீட்டிலை வெத்திலை போடுறவை ஆரும் இருக்கினமோ?" என்று கேட்டார். முதல் கேள்வியே இப்படி என்றால் மனிதர் எப்படிப்பட்டவராக இருப்பார் என்று யோசித்தேன். என் மாமியார் போடுவார் என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப கொஞ்சம் சுண்ணாம்பு தாங்கோ. சோளம் அடுப்பிலை நிக்குது." சுண்ணாம்பில் வேகவைத்தால்தான் சோளத்தின் தோல் கழன்று மா பிடிபடும் என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது. சுண்ணாம்பு கொடுத்தேன், மாமியாரிடம் பேச்சும் வாங்கினேன். பொழுதுபடக் கதகதப்பான சோள ரொட்டியும் மிளகாய்ச் சம்பலும் வந்தன. மாமியார் மூன்றாவது ரொட்டியை எடுக்கும்போது பேச்சை நிறுத்தினார்.

பிறகு நானும் பழகத் தொடங்கினேன். சாந்தி அக்காவின் தோசைக் கிரைண்டரை அண்ணை எப்போதோ கைப்பற்றியிருந்தார். ஒருநாள் அவர் கடைக்குப் போன நேரம் நான் வெந்த சோளத்தை அதில் போட்டேன். உளுந்து அரைத்துப் பழகிய கை சும்மா இருக்குமா? தண்ணீர் தெளித்துத் தெளித்து, ரொட்டிக்குக் கெட்டியாக இருக்க வேண்டியதைத் தோசைமா போல ஓட விட்டுவிட்டேன். அண்ணை வந்து எட்டிப் பார்த்தார். கரண்டியால் அள்ளி ஊற்றிப் பார்த்தார். "வடிவாத்தான் அரைச்சிருக்கிறாய். உதைப் புளிக்க வைச்சா மெக்சிக்கோவே உன்னைக் கூப்பிட்டுத் தோசைக்கடை போடச் சொல்லும்" என்றார். அந்த மாவைக் கொட்டவும் விடவில்லை. கல்லில் ஊற்றிச் சுட்டு, கிழிந்ததையெல்லாம் நான்தான் சாப்பிட வேண்டியிருந்தது.

அவர் உயிர் தமாலேயில் இருந்தது. தெரியாதவர்களுக்கு: அரைத்த சோளமாவை பட்டர் போட்டுப் பஞ்சு மாதிரி அடித்து, நடுவில் கோழிக்கறி வைத்து, உலர்ந்த சோளமடலில் சுற்றி ஆவியில் அவிப்பது. எங்கள் ஆட்கள் அதற்கு மெக்சிக்கோக் கொழுக்கட்டை என்று பெயர் வைத்தார்கள். ஸ்டீமரின் அடித் தண்ணீரில் மெக்சிக்கோவின் பெசோ நாணயம் ஒன்றைப் போட்டுவிடுவார். தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும்வரை அது கிலுகிலுவென்று ஆடும், சத்தம் நின்றால் தண்ணீர் வற்றிவிட்டதென்று அர்த்தம்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊரறிந்த விஷயம். ஒருநாள் மடல் சுற்றிக்கொண்டே இன்டர்நெட் கம்பனிக்காரனைப் போனில் வாங்கு வாங்கென்று வாங்கினேன். அண்ணை என் கையிலிருந்த மடலைப் பறித்துவிட்டார்.

"வெளியிலை போய்ச் சண்டை பிடிச்சு முடிச்சிட்டு வா. கோவத்தோடை கட்டினா அவியாது."

"அவியாட்டி என்ன செய்யிறது?"

"சட்டிக்கு முன்னாலை நிண்டு ஆட வேணும். அங்கை எல்லாரும் அப்பிடித்தான். ஆடினா அதுக்குக் கோவம் போகும், பிறகு அவியும்."

நான் நம்பவில்லை. ஆனாலும் வெளியே போய்த்தான் சண்டையை முடித்தேன்.

ஜனவரித் தொடக்கத்தில் அவர் வீட்டில் வளையம் போன்ற ஒரு இனிப்புப் பாண் வெட்டப்படும். அதற்குள் விரல்நகம் அளவில் ஒரு வெள்ளைக் குழந்தைப் பொம்மை ஒளிந்திருக்கும். அது யார் துண்டில் வருகிறதோ அவர் பெப்ரவரித் தொடக்கத்தில் எல்லோருக்கும் தமாலே அவித்துக் கொடுக்க வேண்டும் என்பது மெக்சிக்கோ வழக்கம். எங்கள் ஆட்கள் கெட்டிக்காரர்கள், கத்தியால் குத்திப் பார்த்துப் பார்த்து வெட்டுவார்கள். இந்த முறை பொம்மை என் பல்லில் பட்டது. அண்ணைக்கு வந்த சந்தோஷத்தைப் பார்த்திருக்க வேண்டும். "இந்தமுறை நான் கை வைக்கமாட்டன். கதிரையிலை இருந்து சாப்பிடுறதுதான் என்ரை வேலை" என்றார். அதற்காகத்தான் சுண்ணாம்பு வாங்கப் போனேன்.

பெப்ரவரி வரை அவர் இருக்கவில்லை. ஆனால் எட்டுச் செலவு வந்தது. செத்த எட்டாம் நாள், செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைக்கிற நாள். பாலன் அண்ணைக்குத் தமாலே இல்லாமல் என்ன படையல்? அன்றைக்கு அதை அவித்துக் கொடுக்காவிட்டால் இனி எப்போது கொடுப்பது? விடியற்காலையிலேயே அவர்கள் அடுப்படியில் நின்றேன். மா இந்தமுறை பிசகவில்லை. மடல் சுற்றத் தொடங்கும்போது, ரெக்ஸ்டேலில் இருந்து வந்திருந்த சாந்தி அக்காவின் தமையன் உள்ளே வந்தார்.

"உது என்ன சாமான்? எட்டுக்கு உதெல்லாம் படைக்கேலாது."

"அவருக்குப் பிடிச்சதைத்தானே படைக்கிறது?" என்றேன்.

"அவருக்குப் பிடிச்சது ஒடியற்கூழ். நான் சின்னனிலை இருந்து பாக்கிறன்."

"நான் சின்னனிலை பாக்கேல்லை. போன மாசம் பாத்தனான்."

அவர் முணுமுணுத்துக்கொண்டு போனார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு மிச்சத்தையெல்லாம் இறுக்கி இறுக்கிச் சுற்றி அடுக்கினேன்.

நாணயம் ஆடியது. நேரம் போனது. திறந்து பார்த்தேன், மா மடலோடு ஒட்டிக்கொண்டு பச்சையாகவே இருந்தது. வெந்தால் மடல் சுத்தமாகக் கழன்று வர வேண்டும். மறுபடி மூடினேன், மறுபடி திறந்தேன், அதே கதைதான். வரவேற்பறையில் இலை போட்டுவிட்டார்கள். கூழ் வந்துவிட்டது, மீன் பொரியல் வந்துவிட்டது, விஸ்கிப் போத்தலும் வந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது.

அப்போதுதான் சாந்தி அக்கா அடுப்படிக்கு வந்தார். சடங்கு முடிந்ததிலிருந்து யாரோடும் சரியாகக் கதைக்காதவர். ஒரு மடலை எடுத்து உரித்துப் பார்த்தார்.

"கோவத்திலை கட்டினனியோ?"

"ஓம் அக்கா."

"அப்ப ஆடு."

"அக்கா, ஆக்கள் இருக்கினம்."

"கதவைச் சாத்திப்போட்டு ஆடு."

செத்த வீட்டில் ஆடினேன். கறுப்புச் சேலையில், ஸ்டீமருக்கு முன்னால், தெரிந்த ஆட்டம் தெரியாத ஆட்டம் எல்லாம். அக்கா ஒரு கரண்டியை எடுத்துச் சட்டி மூடியில் தாளம் போட்டார். உள்ளே பெசோவும் கிலுகிலுத்தது. சத்தம் கேட்டுத் தமையன் கதவைத் திறந்தார்.

"அண்ணை, நீங்களும் கோவப்பட்டனீங்கள். வாங்கோ" என்றார் அக்கா.

அந்தப் பெரிய மனிதர் வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மற்றக் கையை உயர்த்தி, ஒரு காலை முன்னே வைத்து ஒரு சுற்றுச் சுற்றினார். சாந்தி அக்கா சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். நாங்கள் மூவரும் அப்படித்தான் நின்றோம்.

பிறகு திறந்தபோது மடல் வழுக்கிக்கொண்டு கழன்றது. இறுக்கி அடுக்கியதால் ஆவி ஏறவில்லை, அதுதான் நேரம் எடுத்தது என்று என் மகன் விளக்குகிறான். விளக்கட்டும். அன்றைக்குத் தமாலே கூழுக்குப் பக்கத்தில் ஆவி பறக்க இருந்தது. அக்கா ஒரு கதிரையை இழுத்து இலைக்கு முன்னால் போட்டார். கதிரையில் இருந்து சாப்பிடுவதுதானே பாலன் அண்ணையின் வேலை.

அண்ணையிடமிருந்து எனக்கு மிஞ்சியவை ஒரு பெசோவும் அந்தச் சின்னப் பொம்மையும். பெசோவை அக்கா தந்தார். பொம்மை என் கடுகுப் போத்தலுக்குள் இருக்கிறது, வாற ஜனவரியில் பாணுக்குள் போகும். ரெக்ஸ்டேல்காரரின் துண்டில் வர வேண்டும் என்று இப்போதே வேண்டிக்கொண்டிருக்கிறேன். கோபமும் குறையவில்லை, அது என்னோடுதான் இருக்கிறது. சோளத்தைத் தொடுமுன் அடுப்படிக் கதவைச் சாத்திவிட்டு ஆடுகிறேன்.