குடியை விட்டவர்கள் கூடும் வீடு

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போய்க் குடியிருக்க வேண்டும். வீடு பெண்ணுடையது. அதனால் எங்களூர்க் குடிகாரன் பெண்டாட்டியை வீட்டை விட்டு விரட்ட முடியாது, அவனைத்தான் விரட்டுவார்கள். நல்ல ஏற்பாடு என்று இப்போது சொல்வேன். கல்லோயா அணை வேலைக்கு லொறி ஓடி, சாராயத்தையும் பழகிக்கொண்டு கல்முனைக்குத் திரும்பிய அந்த ஐம்பதுகளில் சொல்லியிருக்க மாட்டேன்.

மாமி என் முன்னால் வந்ததே இல்லை. மருமகனுக்கு முகம் காட்டாமல், கதவுக்குப் பின்னால் நின்று, வேறு யாரிடமோ சொல்வது போலத்தான் எதையும் சொல்வார். ஒரு நாள் கதவுக்குப் பின்னாலிருந்து நேரே எனக்கே சொன்னார்.

"இனி ஒரு நாளைக்கு அந்த வாசத்தோட வந்தா, இந்த வீட்டுக்குள்ள கால் வெக்க வேணா மகன்."

என் மனைவி அடுப்படியில் நின்றாள். அழவில்லை, ஏசவில்லை. வழக்கமாக ஏசுகிறவள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

வழி சொன்னவர் முடிவெட்டுகிறவர். "குடிய விடுறதுக்கெண்டு கொஞ்சப் பேர் கூடுறாங்க. வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிஞ்ச பொறகு. கடற்கரைப் பக்கம் கடைசி ஓலை வேலி. பேர் கேக்க மாட்டாங்க." சவரக்கத்தியைக் கழுத்தில் வைத்துக்கொண்டு புத்தி சொல்கிறவருக்கு வேறு என்ன பதில் சொல்வது? ஓம் என்றேன்.

அந்த வெள்ளிக்கிழமை குடிக்காமல் போனேன். தென்னைகளுக்கிடையில் கடைசி வேலியைக் கண்டதும் நின்றுவிட்டேன். வளவுக்குள் வெள்ளைத் துணியால் நாலு பக்கமும் மறைப்புக் கட்டியிருந்தது. துணிக்குக் கீழே ஆண்களின் கால்கள் மட்டும் தெரிந்தன. தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. கற்பூரம் மணத்தது.

யாரோ செத்துவிட்டார்கள், மையத்துக் குளிப்பாட்டுகிறார்கள். ஆனால் மையத்து வீடென்றால் ஒழுங்கை முனையிலேயே அழுகை கேட்குமே. இங்கே ஒரு பெண் குரல் இல்லை. கதிரை போட்டு உட்கார்ந்திருக்கும் ஆட்கள் இல்லை. கடல் மட்டும் இரைந்தது. வீடு மாறி வந்துவிட்டேன் என்று திரும்பினேன். துணி விலகியது.

"வாங்க தம்பி. ஒராள் கொறையுது," என்றார் தாடி நரைத்த ஒருவர்.

மையத்து வேலைக்குக் கூப்பிட்டால் மாட்டேன் என்று எங்கள் ஆட்கள் சொல்வதில்லை. உள்ளே போனேன். நரைத்தவரோடு மூன்று பேர் நின்றார்கள். பலகையில் கிடந்தவருக்கு என் வயதுதான் இருக்கும். தண்ணீர்ச் செம்பை என் கையில் தந்தார்கள். யாரும் பேர் கேட்கவில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது: வீடு மாறவில்லை.

"இவர்ர வீட்டாக்கள் எங்க?" என்று கேட்டேன்.

"பொண்டாட்டி ஊட்டால அனுப்பிப் போட்டாங்க. எங்களோடதான் இரிந்தார். போன கிழமை திரும்பவும் சாராயத் தவறணைக்குப் போகத் தொடங்கிட்டார். ராவு குடிச்சிப்போட்டு வந்து படுத்தவர், எழும்பல்ல," என்றார் நரைத்தவர். பிறகு குரலைத் தாழ்த்தினார். "குளிப்பாட்டுறவன் கண்டத வெளிய கதைக்கிறல்ல. தெரியுந்தானே?"

தெரியும். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஒழுங்கு அது. இன்று இதை எழுதுகிறேனென்றால், அவர் யாரென்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்ற தைரியத்தில்தான்.

மையத்தைச் சற்று நிமிர்த்தி, வயிற்றை மெல்லத் தடவி அமுக்கினார் நரைத்தவர். அதுதான் முறை. வாய் வழியாகக் கொஞ்சம் தண்ணீர் வந்து என் சட்டைக் கையில் பட்டது. உடனே சாராய வாசம் எழுந்தது. கற்பூரத்தையும் மீறிக்கொண்டு, தவறணைக் கதவைத் திறந்தது போல.

என் வாய் ஊறியது.

செத்த மனிதனின் வாயிலிருந்து வந்ததற்கு என் வாய் ஊறியது. அருவருப்பில் ஓடிப் போயிருப்பேன். தற்செயலாக மற்றவர்களைப் பார்த்தேன். மூன்று பேரின் தொண்டையும் ஏறி இறங்கியது. ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை.

"எனக்கு வாயூறுது காக்கா," என்றேன் நரைத்தவரிடம், அண்ணனிடம் சொல்வது போல. வாழ்க்கையில் இதைப் பற்றி நான் சொன்ன முதல் உண்மை அது.

"ஓம். எங்களுக்குந்தான். தண்ணிய ஊத்துங்க."

ஊற்றினேன். கிணற்றடியில் சட்டையை அலசிக்கொண்டு, அடக்கமும் முடிந்து, அந்தி மஃரிபுத் தொழுகைக்கு முன் வீட்டுக்குப் போனேன். வாசல் ஏறுமுன்பே கதவுக்குப் பின்னால் மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது.

"வாசம் வருது," என்றார் மாமி.

சட்டையை முகர்ந்தேன். வந்தது. ஒரு சொல் சொன்னால் போதும். யாருடைய வாசமென்று சொன்னால் போதும். அவர் நம்பக்கூடும். எத்தனையோ பொய்யை நம்பினவர். கதவிடுக்கில் என் மனைவியின் கண் ஒன்று தெரிந்தது. ஆனால் குளிப்பாட்டினவன் கண்டதை வெளியில் கதைக்கிறதில்லை. கதவு சாத்தப்பட்டது. உள்ளே கொண்டி விழுந்தது.

கடற்கரைக்குத் திரும்பி நடந்தேன். அந்த வீட்டில் விளக்கு ஏற்றி, வட்டமாகப் பாய் போட்டு மூவரும் இருந்தார்கள். நாலாவது பாய் விரித்தபடி வெறுமையாகக் கிடந்தது. நடுவில் ஆள் கிடந்த பள்ளம் தெரிந்தது.

"அவர்ர பாய்," என்றார் நரைத்தவர். "பயமா இரிக்கா?"

"ஓம்."

"நல்லம். இரிங்க."