வைகுண்டராஜன் கை நனைத்த மலை

வைகுண்டராஜனுக்குக் குழித்துறைச் சந்தையில் கருப்பட்டி வியாபாரம். அது பேருக்குத்தான். மனிதருடைய உண்மையான தொழில் மகனுக்குப் பெண் பார்ப்பது. மகன் கிருஷ்ணமணி தங்கமான பையன். அவனைவிட அப்பனுக்குத்தான் அதில் ருசி. ஒரு வீட்டுக்குப் போவார். இருப்பதில் நல்ல நாற்காலியாகப் பார்த்து உட்காருவார். பெண்ணைப் பெற்றவர்கள் கைகட்டி நிற்பதைக் கண்குளிரப் பார்ப்பார். பிறகு "யோசிச்சுச் சொல்லுகேன்" என்று எழுந்து போய்விடுவார்.

கொட்டாரம் ஊரில் எங்கள் வீட்டுக்கும் அப்படித்தான் வந்தார். என் மகள் முத்துக்கனியைப் பையனுக்குப் பிடித்துவிட்டது. அவளுக்கும் அவனைப் பிடித்துவிட்டது. இவர் மட்டும் யோசித்துக்கொண்டே இருந்தார். வருடம் ஒன்று போயிற்று. வேறு இடம் பார்க்கலாம் என்று வாயெடுத்தால் முத்துக்கனி தட்டை ஒதுக்கிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். பெற்ற வயிறு எத்தனை நாள் பொறுக்கும்?

எங்கள் பக்கத்தில் சம்பந்தம் உறுதியாகும்வரை மாப்பிள்ளை வீட்டார் பெண்வீட்டில் கை நனைக்கமாட்டார்கள். நனைத்துச் சோறு தின்றுவிட்டால் சம்மதம் சொன்னதாக அர்த்தம். வைகுண்டராஜன் இன்னும் ஒருபடி மேலே. எங்கள் வீட்டுப் பச்சைத்தண்ணீரைக்கூடத் தொடமாட்டார். நாக்கு வறண்டு, எச்சில் விழுங்கியபடி உட்கார்ந்திருப்பார். அப்படி ஒரு கௌரவம்.

வெள்ளைக்காரன் கப்பலேறிச் சில வருடம் கழிந்த ஒரு ஐப்பசியில் அவருக்கு மலைக்காற்று வாங்க ஆசை வந்தது. பெரிய மனிதர்கள் குளிர்மலையில் போய்த் தங்குவார்கள் என்று யாரோ காதில் போட்டுவிட்டார்கள். என் வீட்டுக்காரர் நாராயணபெருமாளின் சிநேகிதர் தாணுலிங்கம், பேச்சிப்பாறை அணைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கணக்கர். துரை விட்டுப்போன பங்களாவின் சாவி அவரிடம் இருந்தது.

"மலையில வச்சு மனசு இளகிரும்" என்றார் என் வீட்டுக்காரர்.

"கருங்கல்லும் மலையிலதான் கெடக்கு. எது இளகிச்சு?" என்றேன். கேட்கவில்லை. சமைக்க ஆள் வேண்டுமென்று என்னையும் தோட்டத்து லாரியில் ஏற்றினார்கள். ஐப்பசி மழையில் மலையேறும் புத்திசாலிகள்!

வைகுண்டராஜன் கம்பளிக் கோட்டும் குரங்குக் குல்லாயுமாக வந்தார். தனக்கென்று அவலும் மட்டிப்பழமும் கட்டிக்கொண்டு வந்திருந்தார். அணைக்கட்டில் இறங்கி, இடுப்பில் கைவைத்து, அணையைத் தானே கட்டியதுபோல் நின்றார். அந்த நேரத்தில் ஒரு குரங்கு மூட்டையோடு மரத்தில் ஏறிவிட்டது.

"எனக்க அவலுல்லா! ஏலே, தாலே!"

"கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி, அது யோசிச்சுச் சொல்லும்" என்றேன். தாணுலிங்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

பங்களாவுக்குப் போய்ச் சேர்ந்ததும் மழை பிடித்தது. காட்டாறு பெருகிப் பாலத்தை மூழ்கடித்துவிட்டது. இறங்க வழியில்லை. தின்பதற்கு என் சட்டிபானையை விட்டால் வேறு கதியும் இல்லை. வைகுண்டராஜன் துரையின் சாய்வு நாற்காலியில் கால்நீட்டி, மூடுபனியைப் பார்த்து "என்ன காட்சி, என்ன காட்சி" என்றார். மூக்குக்கு முன்னால் இருந்த தூண்கூடத் தெரியவில்லை.

"அண்ணாச்சி, ஒருவாய் சாப்பிடுங்க" என்றேன்.

"வயிறு செரியில்ல."

வயிறு சரியாகத்தான் இருந்தது. அது கத்தியது அடுக்களைவரை கேட்டது.

மறுநாள் மத்தியானம் தேங்காய் வறுத்தரைத்து உள்ளித்தீயல் குழம்பு வைத்தேன். வேண்டுமென்றேதான். கூடவே நெத்திலிக் கருவாடு பொரித்தேன். தேங்காய் வறுத்த மணம் அந்த நாற்காலியைச் சுற்றி வருமென்று எனக்குத் தெரியாதா? எல்லாம் இறக்கி வைத்துவிட்டு, ஆறு வடிந்ததா என்று பார்க்க மற்ற இருவரோடு நானும் போனேன். திரும்பிவந்து பார்த்தால் நாற்காலி காலி. அடுக்களைக் கதவுக்குப் பின்னால் குரங்குக் குல்லாய் ஆடியது. சட்டிக்குள் கை. மீசையில் தீயல்.

"வயிறு செரியாயிட்டோ அண்ணாச்சி?"

விக்கல் எடுத்தது அவருக்கு. ஒரு செம்புத் தண்ணீரை நீட்டினேன். அதையும் குடித்தார். என் வீட்டுக்காரர் சட்டென்று, "கை நனைச்சாச்சு! சம்பந்தம் உறுதி!" என்று கத்தினார்.

"அது எப்பிடி? இலை போட்டியளா, சோறு விளம்பினியளா? காட்டுல நின்னுட்டுத் தின்னது சேத்தியில்ல" என்றார் அந்த மனிதர், வாயைத் துடைத்தபடி.

திருடித் தின்ற வாயில் நியாயம் வேறு! எனக்கு வந்த கோபத்தில், கொட்டாரத்திலிருந்து கொண்டுவந்த வாழையிலையை விரித்தேன். தண்ணீர் தெளித்து, ஆவி பறக்கச் சோற்றைப் போட்டேன். குழித்து, மிச்சத் தீயலை முழுக்க ஊற்றினேன்.

"தாணுலிங்கம், நீங்க சாட்சி. அண்ணாச்சி, வேண்டாம்னா அந்த நாற்காலிக்குப் போங்க. நாளைக்கே எனக்க மகளுக்கு வேற இடம் பாக்கேன், அவ அழுதாலும் செரி. வேணும்னா இரிங்க. தையில கல்யாணம்."

சொல்லிவிட்டேனே தவிர, முத்துக்கனி சுவர்பக்கம் திரும்பிப் படுத்திருப்பதுதான் கண்ணுக்குள் நின்றது.

வைகுண்டராஜன் நாற்காலியைப் பார்த்தார். இலையைப் பார்த்தார். கோட்டின் கையை முழங்கைவரை ஏற்றிவிட்டு, சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"தங்கச்சி," என்றார், "அந்த நெத்திலியையும் இஞ்ச வையி."

தையில் கல்யாணம் நடந்தது. பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள்; அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. சம்பந்தியார் அதன்பிறகு மாதம் தவறாமல் வந்தார். முதல் பந்தியில் உட்கார்ந்து, உப்பு குறைவு என்று சொல்லிக்கொண்டே மூன்றுதரம் சோறு வாங்கினார். ஊரெல்லாம் அவர் சொல்லிக்கொண்டு திரிந்தது வேறு. துரையின் பங்களாவில், துரையின் நாற்காலியில் உட்கார்ந்து, நன்றாக யோசித்து முடித்த சம்பந்தமாம்.